ஆற்றங்கரை விடுதிக்கு அட்வான்ஸ் போடும் முன்

கேள்வி: நானும் என் மைத்துனரும் சின்ன வயதிலிருந்து உப்பனாற்றில் தூண்டில் போடுகிறவர்கள். இமாச்சலில் தீர்த்தன் ஆற்றங்கரையில் ஒரு விடுதி, ‘ஃப்ளை ஃபிஷிங் பேக்கேஜ்’ என்று ஐந்து இரவுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 1,30,000 ரூபாய் சொல்கிறது. நவம்பர் நடுவில் வந்தால் 30 சதவீதம் தள்ளுபடியாம். பாதிப் பணத்தை இன்றைக்கே ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா சார்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அனுப்பாதீர்கள். தள்ளுபடிக்கான காரணம் அந்தத் தேதியிலேயே இருக்கிறது. இமாச்சலில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் இருக்கும் ஆறுகளுக்கு நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை தடைக்காலம். குளிர்காலம்தான் டிரவுட் முட்டையிடும் பருவம். நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடப்பது எதற்காகவோ, அங்கேயும் அதற்காகத்தான். நவம்பர் நடுவில் போனால் அறை இருக்கும், ஆறு ஓடும், சாப்பாடு போடுவார்கள். தூண்டில் மட்டும் போட முடியாது. அவர்கள் பொய் சொன்னார்களா, தேதியைக் கவனிக்காமல் பொதுவாக ஒரு விளம்பரத்தைத் தட்டிவிட்டார்களா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் பாதிப் பணத்தை அனுப்பிவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

எப்போது போகலாம் என்றால், மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஒன்று; மழை ஓய்ந்தபின் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் இன்னொன்று. ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். இந்த வகைத் தூண்டிலில் மண்புழுவோ இறாலோ கிடையாது. இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியை மீன் கண்ணால் பார்த்து ஏமாற வேண்டும். கலங்கிய தண்ணீரில் அதற்கு வழியில்லை. 2023, 2025 இரண்டு மழைக்காலத்திலும் தீர்த்தன் இருக்கும் குல்லு பக்கம் சாலைகள் அடித்துப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த மாதிரிப் பயணத்தில் நீங்கள் காசு கொடுப்பது அறைக்கோ மெத்தைக்கோ அல்ல. குறிப்பிட்ட ஒரு தண்ணீரில், குறிப்பிட்ட சில நாட்கள், சட்டப்படி தூண்டில் போடும் உரிமைக்கும், அந்தத் தண்ணீரை அறிந்த ஒரு ஆளுக்கும்தான். அதனால் அறையின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆற்றைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை தூண்டில் போடவிடுவீர்கள்? மீன்வளத்துறை உரிமம் எங்கள் பெயரில் எடுப்பீர்களா, அதன் கட்டணம் பேக்கேஜில் சேர்ந்ததா? வழிகாட்டி இரண்டு பேருக்கு ஒருவரா, ஆறு பேருக்கு ஒருவரா? அவர் நாள் முழுக்க இருப்பாரா, காலையில் இரண்டு மணி நேரம் காட்டிவிட்டுப் போய்விடுவாரா? தேசியப் பூங்காவுக்குள் நடந்து போகும் திட்டம் இருந்தால், மகா இமாலயத் தேசியப் பூங்காவின் நுழைவு அனுமதியை யார் வாங்குவது? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தருகிற விடுதியோடு மேலே பேசலாம். ‘வாங்க சார், பாத்துக்கலாம்’ என்று சொல்லும் விடுதி அட்வான்ஸை மட்டும் பாத்துக்கொள்ளும்.

எங்கே போனாலும், அந்த ஆறு வனவிலங்குக் காப்பகத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள பீமேஸ்வரி, கலிபோரே முகாம்கள் ஒரு காலத்தில் மஹ்சீர் என்னும் பெரிய ஆற்று மீனுக்கான தூண்டிலுக்கு உலகப் பெயர் வாங்கியவை. அந்த இடம் வனவிலங்குச் சரணாலயம் என்பதால் 2010களின் தொடக்கத்தில் தூண்டில் நின்றுவிட்டது. இன்றும் அங்கே தங்கலாம், பரிசலில் போகலாம். தூண்டில் போட அழைக்கிறேன் என்று யாராவது பழைய படத்தைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். காவிரியின் திமில் மஹ்சீரை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் 2018இல் ‘மிக அருகிய இனம்’ என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. உத்தராகண்டில் ராமகங்கைக் கரை விடுதிகளுக்கும் இதே கேள்விதான்: நீங்கள் காட்டும் நீர் புலிகள் காப்பகத்துக்கு உள்ளேயா, வெளியேயா? அருணாச்சலப் பிரதேசம் என்றால் வெளிமாநிலத்தார் உள்ளே நுழைய வாங்க வேண்டிய இன்னர் லைன் பெர்மிட்டும் சேர்ந்துகொள்ளும்.

பணத்துக்கு வருவோம். தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். விடுதியின் பெயரிலுள்ள கணக்குக்கு, ஜிஎஸ்டி எண் போட்ட பில்லுக்கு எதிராக மட்டும் கட்டுங்கள். கிரெடிட் கார்டு முடியுமானால் அதுவே நல்லது. சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் தகராறு எழுப்ப ஒரு வழியாவது இருக்கும். யுபிஐயில் நீங்களே அனுப்பிய பணத்தை அப்படித் திரும்ப இழுக்க முடியாது. சொன்ன விலை வரியோடு சேர்த்தா என்றும் கேளுங்கள். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இதுதான் கணக்கு. கடலூரிலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி அல்லது சண்டிகருக்கு விமானம், அப்புறம் சாலை வழியாக அவுத், பஞ்சார் என்று வழி போகிறது. பூந்தர் விமான நிலையம் பக்கம்தான், ஆனால் அங்கே வருவது சின்ன விமானம். வானம் மூடினால் ரத்து. திரும்பி வர ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: ஃப்ளை ராட் ஒன்று வெளிநாட்டுத் தளத்தில் ‘ஆயுள் உத்தரவாதம்’ என்று போட்டிருக்கிறது. விலை 45,000. வீட்டில் கடலில் போடும் ராட் இரண்டு இருக்கிறது. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: கடல் ராட் இதற்கு ஆகாது. கடலில் ஈயக்குண்டின் கனம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் பூச்சிக்கு எடையே இல்லை. கனம் முழுக்க நூலில் இருக்கிறது. அதனால்தான் நூலின் கனத்துக்கு ஒரு எண், ராட்டுக்கும் அதே எண் என்று ஜோடியாக வாங்குகிறார்கள். டிரவுட்டுக்கு 9 அடியில் 5ஆம் எண் போதும். மஹ்சீருக்கு 8ஆம் எண்.

ஆனால் முதல் பயணத்துக்கே 45,000 எதற்கு? பல விடுதிகளில் ராட், ரீல், நூல் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். அதையும் முன்பதிவின்போதே எழுதி வாங்குங்கள். அந்தப் பணத்தில் வழிகாட்டியோடு கூடுதலாக ஒரு நாள் போட்டால் அதிகம் கற்றுக்கொள்வீர்கள். ‘ஆயுள் உத்தரவாதம்’ பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் செல்லாது. உடைந்த துண்டை அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் கையாளும் கட்டணம் கேட்பார்கள். அரியாங்குப்பத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பார்சல் செலவு உங்களுடையது. வரும்போது சுங்க வரியும் ஜிஎஸ்டியும் வேறு. இதையெல்லாம் கூட்டினால் அந்த 45,000 அங்கேயே நிற்காது.

கட்டாயம் வாங்கித்தான் ஆவேன் என்றால், நான்காகக் கழலும் ராட் வாங்குங்கள். இரண்டரை அடிக் குழாய்க்குள் அடங்கும். அதுவும் விமானத்தில் கைப்பைக்கான அளவைத் தாண்டுவதால் செக்-இன் பைக்குள்தான் போக வேண்டும். தூண்டில் முள், கத்தரி எல்லாம் அதிலேயே வையுங்கள். போவதற்கு முன் புல்தரையில், முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பழகுங்கள். கடற்கரை மணலில் வேண்டாம், நூல் தேய்ந்துவிடும்.

கேள்வி: போன ஆகஸ்டில் இமாச்சலில் ஒரு விடுதிக்கு 48,000 ரூபாய் முழுப் பணமும் கட்டியிருந்தோம். நிலச்சரிவில் சாலை மூடி, நாங்கள் பாதி வழியில் திரும்பினோம். ‘நான்-ரிஃபண்டபிள்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். வழக்குப் போட இமாச்சலுக்குப் போக வேண்டுமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: போக வேண்டாம் அம்மா. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். புதுச்சேரி மாவட்ட ஆணையம் உங்களுக்குப் போதும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஜெயிக்குமா என்பது வேறு கேள்வி. அன்றைக்கு விடுதி திறந்திருந்ததா? விடுதியும் மூடிக் கிடந்து, உங்களுக்கு அறை தரவே முடியாத நிலை என்றால், தராத சேவைக்கு முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வதை அவர்களால் நியாயப்படுத்துவது கஷ்டம். விடுதி திறந்திருந்து, சாலை மட்டும் மூடியிருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் மெலிந்துபோகும். அப்போது பணம் கட்டும் முன் ரத்து நிபந்தனையை உங்களுக்குக் காட்டினார்களா என்று பாருங்கள். பணம் வாங்கியபிறகு வந்த ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்தால், அதை அழுத்திச் சொல்லுங்கள். ஒரு விஷயம்: ‘இந்த ஒப்பந்தமே அநியாயம்’ என்பதுதான் உங்கள் முழு வழக்கு என்றால் அது மாநில ஆணையத்துக்குப் போகும். சேவைக் குறைபாடு என்று எழுதினால்தான் மாவட்டம்.

முதலில் சாலை மூடல் பற்றிய அரசு அறிவிப்பு, வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டிய ரசீது மூன்றையும் சேர்த்து, பணத்தையோ வேறு தேதியையோ கேட்டு 15 நாள் கெடு வைத்து ஒரு மெயில், ஒரு பதிவுத் தபால். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அங்கேயே முடிந்துவிடும் விவகாரங்கள் உண்டு. முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகாரை ஏற்றலாம். வேறு தேதி தருகிறேன் என்று அவர்கள் இறங்கி வந்தால், என்னைக் கேட்டால், அதை வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலமாக மட்டும் இருக்கக் கூடாது.

கேள்வி: மகன் ஆக்லாந்தில் இருக்கிறான். ஜனவரியில் போகிறோம். தெற்குத் தீவில் ஹெலிகாப்டரில் மட்டுமே போகக்கூடிய ஆற்றங்கரை விடுதி ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறான். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ஜனவரி நல்ல காலம், பெரும்பாலான ஆறுகள் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை திறந்திருக்கும். வெளிநாட்டவருக்கு உரிமம் தனி, சில ஆறுகளுக்கு அதற்கு மேலும் ஒரு உரிமம் உண்டு. ஹெலிகாப்டர் கட்டணம் விடுதி விலைக்குள் இருக்கிறதா, தனியா என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். மழையால் ஹெலிகாப்டர் எழும்பாத நாளுக்குப் பணம் திரும்புமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

இங்கிருந்து பழைய பூட்ஸ், வேடர்ஸ் (ஆற்றுக்குள் நிற்கப் போடும் நீர்புகா உடை) கொண்டுபோனால் கழுவி நன்றாகக் காயவைத்து, இறங்கும்போது தரும் அறிவிப்பில் கட்டாயம் குறிப்பிடுங்கள். சொல்லாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அங்கேயே அபராதம். அடியில் ஃபெல்ட் (கம்பளித் துணி) ஒட்டிய பூட்ஸுக்கு அங்கே 2008 முதல் தடை. ஆற்றிலிருந்து ஆற்றுக்குப் பாசி ஒட்டிக்கொண்டு போகும் என்பதால். ஆகவே இங்கே தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். டூர் பேக்கேஜாக ஏஜென்டிடம் வாங்கினால் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். அது செலவு அல்ல, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று பாலிசியின் வரிகளைப் படித்துப் பாருங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது.

கேள்வி: ஆளில்லா ஆற்றுக்கு என்று, போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசேஞ்சர் ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். அருணாச்சலத்துக்கு எடுத்துப் போகலாமா? பிடித்த மீனைக் குழம்பு வைத்துத் தருவார்களா?
– வாசகர், கடலூர் தேவனாம்பட்டினம்

பதில்: இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அந்தக் கருவியை வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே மாட்டுவீர்கள். வாங்காதீர்கள். விடுதியில் அவசரத்துக்கு என்ன ஏற்பாடு, பக்கத்து மருத்துவமனை எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

மஹ்சீரைப் பிடித்தால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டியதுதான். டிரவுட்டை எத்தனை எடுக்கலாம், எந்த அளவுக்கு மேல் எடுக்கலாம் என்பது உரிமத்தில் இருக்கும். பல விடுதிகளில் அதையும் விடச் சொல்வார்கள். தட்டில் வருகிற டிரவுட் பெரும்பாலும் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தது. குழம்பு வேண்டுமென்றால் மிளகாய்த்தூளும் புளியும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே பொரித்துத்தான் தருவார்கள்.