பேரிடர் மேலாண்மை அதிகாரிக்கு மக்கள் தொடர்பு எதற்கு?

மீட்புப் படையை அனுப்புவதுதானே அவர் வேலை, ஊர்க்கூட்டம் போட்டுப் பேசுவது எதற்கு என்பது உங்கள் கேள்வி. அமெரிக்காவின் கிரெய்க் ஃபியூகேட்டை எடுத்துக்கொள்வோம். புளோரிடாவில் தீயணைப்புத் தன்னார்வலராகவும் அவசர மருத்துவ ஊழியராகவும் தொடங்கியவர். 2001-இல் அந்த மாநிலத்தின் அவசரநிலை மேலாண்மை இயக்குநர். 2004 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நான்கு சூறாவளிகள் வரிசையாகத் தாக்கியபோது பொறுப்பில் இருந்தவர் அவர்தான். 2009 முதல் 2017 வரை ஃபெமா என்ற தேசியப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் தலைவர்.

அவருடைய பாணி எனக்குப் பிடிக்கும். சேதத்தைக் கணிக்க, 24 மணி நேரமும் நடக்கும் வாஃபிள் ஹவுஸ் உணவகங்களைக் கவனித்தார். முழு மெனு கிடைத்தால் பச்சை. பாதிதான் என்றால் மஞ்சள். மின்சாரமோ சரக்கோ தட்டுப்பாடு என்று அர்த்தம். கடையே மூடியிருந்தால் சிவப்பு, நிலைமை மோசம். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் அறிக்கை வருவதற்கு முன்பே நிலவரம் புரிந்துவிடும்.

சரி, மக்கள் தொடர்புக்கு வருவோம். கட்டடம் இடிந்தால் முதலில் கை கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர். மீட்பு வண்டி வர நேரமாகும். அதனால்தான் அவர் காலத்தில் ஃபெமா மக்களையும் கடைக்காரர்களையும் வழிபாட்டுத் தலங்களையும் திட்டமிடும் மேசையிலேயே உட்கார வைக்கும் ‘முழுச் சமூக’ அணுகுமுறையை 2011-இல் முன்வைத்தது. எந்தத் தெருவில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஊர்க்கூட்டம்.