கொலுச் சுண்டலும் கைப்பிரதியும்

அன்புள்ள அண்ணா,

நான் சென்னையில ஒரு ஐடி கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கேன், சொந்த ஊர் நாசரேத் பக்கம். எங்க சபையில இந்த வருஷம் ஆளுக்குப் பத்து பேருக்காவது சுவிசேஷம் சொல்லணும், எந்த மதம் எந்த ஊர்னு பாக்கக் கூடாதுன்னு எல்லாரையும் தீர்மானம் எடுக்க வச்சாங்க, கையில கைப்பிரதி, அதான் சுவிசேஷம் அச்சடிச்ச துண்டுத்தாள், ஒரு கட்டு கொடுத்தாங்க. நானும் ஆபீஸ்ல கொடுத்தேன். செக்யூரிட்டி தாத்தா வாங்கி சட்டைப்பையில வச்சுக்கிட்டார். கேன்டீன்ல ஒரு பீகார் பையன் சிரிச்சுக்கிட்டே வாங்கினான், அப்புறம்தான் அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னே எனக்கு உறைச்சுது. எங்க டீம்ல ஒரு முஸ்லிம் பையன், "எங்களுக்கும் ஈஸா நபி, அதான் உங்க இயேசு, உண்டுங்க"ன்னு ஆரம்பிச்சு அரைமணி நேரம் பேசினான், எனக்குத்தான் பதில் தெரியல. பக்கத்து சீட்டு அக்கா மட்டும் வாங்கிப் பாத்துட்டு, "நாலு வருஷமா ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம், இதை நீ வாயால சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே, எதுக்குடி பேப்பர்ல குடுக்குற"ன்னு கேட்டாங்க. கோவமா கேக்கல, அதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இப்ப அதே அக்கா கொலுவுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அம்மா போகவே கூடாதுங்குறாங்க. போகலாமா, சுண்டல் சாப்பிடலாமா? நான் கைப்பிரதி கொடுத்தது தப்பா? எல்லாருக்கும் எப்படித்தான் சொல்றது?

பேர் போட வேண்டாம் அண்ணா.

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள தங்கச்சி,

முதல்ல கைப்பிரதி. தப்புன்னு சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது, ஏன்னா நான் பதினாறு வயசுல திருநெல்வேலி ஜங்ஷன்ல ஒரே சாயங்காலத்துல முந்நூறு கைப்பிரதி கொடுத்தவன். கொடுத்து முடிச்சுட்டு பசியில வேர்க்கடலை வாங்கினேன், பொட்டலத்தைப் பிரிச்சா அது நான் கொடுத்ததுதான், "இப்பொழுதே இரட்சணிய நாள்"ங்குற வரி மேல எண்ணெய் ஊறி உப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு. அன்னைக்கு அந்தக் கடலைக்காரர் மேல கோவம் வந்துச்சு. இப்ப யோசிச்சா, முந்நூறு பேருக்குக் கொடுத்தேன்ல, ஒருத்தர் முகம்கூட ஞாபகம் இல்ல, அந்தக் கடலைக்காரர் முகம் மட்டும்தான் இருக்கு, ஏன்னா அவர்கிட்டதான் ரெண்டு வார்த்தை பேசினேன், அதுவும் சண்டைக்கு.

கைப்பிரதி படிச்சு மனசு மாறினவங்க இருக்காங்க, நானே ரெண்டு மூணு பேர் சாட்சி கேட்டிருக்கேன். ஆனா அது முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு. நாலு வருஷமா டிபன் பாக்ஸ மாத்தி மாத்திச் சாப்பிடுறவங்களுக்கு அச்சடிச்ச தாள் எதுக்கு? அந்த அக்கா கேட்டது ரொம்ப சரியான கேள்வி. அவங்க சுவிசேஷத்த வேண்டாம்னு சொல்லல, நீ சொல்லு கேக்குறேன்னுதான் சொல்லியிருக்காங்க. நீங்க அதைத் திட்டுன்னு எடுத்துக்கிட்டீங்க.

நம்ம ஆளுங்க மறந்துட்ட ஒரு விஷயம் சொல்றேன். சீகன்பால்க்னு ஒரு ஜெர்மன் மிஷனரி 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கினார், வயசு கிட்டத்தட்ட இருபத்துநாலு, தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. என்ன பண்ணார்னா திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தரப் பிடிச்சு, சின்னப் பசங்களோட பசங்களா உக்காந்து மணல்ல விரலால அ ஆ எழுதினார். ஜெர்மனியில ஹாலே யுனிவர்சிட்டியில படிச்சுட்டு வந்த ஆளு, தரையில, மணல்ல. 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாகி வந்துச்சே, அதுக்கு ஆரம்பம் அந்த மணல்தான். ஆனா எனக்கு அதவிடப் பிடிச்சது வேற ஒண்ணு. 1712ல ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் அவரும் கூட இருந்தவங்களும் அந்தப் பக்கத்துத் தமிழ் ஆளுங்ககிட்ட கேள்வி எழுதிக் கேட்டு பதில் கடிதம் வாங்கினாங்க, உங்க சாமி எப்படி, உங்க சாஸ்திரம் என்ன சொல்லுது, எங்க மார்க்கத்தப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு. மொத்தம் 99 கடிதம், ஜெர்மன்ல பெயர்த்து ஹாலேக்கு அனுப்பி அங்க அச்சுலயும் வந்துச்சு. அதுல நம்மாளுங்க வெளுத்து வாங்கியிருக்காங்க, நீங்க மாடு திங்கிறீங்க, குடிக்கிறீங்க, சுத்தமா கழுவுறது குளிக்கிறது கிடையாது, உங்க நடத்தையப் பாத்துட்டு உங்க வேதத்த நாங்க எப்படி மதிக்கிறதுங்குற ரேஞ்சுல. அதை அவர் ஒளிச்சு வைக்கல, அப்படியே ஊருக்கு அனுப்பினார். 1713ல நம்ம தெய்வங்களப் பத்தி ஒரு பெரிய புஸ்தகமே எழுதி அனுப்பினார், ஹாலேல இருந்த பெரியவங்களுக்குப் பிடிக்கல, புறமத சங்கதிய ஐரோப்பாவுல பரப்பவா உங்கள அனுப்பினோம்னு கிடப்புல போட்டாங்க, 1867ல மெட்ராஸ்லதான் அது அச்சுக்கு வந்துச்சு. அவர் 1719லயே, முப்பத்தாறு வயசுலயே போய்ட்டார்.

எதுக்கு இவ்வளவு நீட்டுறேன்னா, உங்க டீம் பையன் ஈஸா நபி பத்தி அரைமணி நேரம் பேசினான்னு ஏதோ தோத்துட்ட மாதிரி எழுதியிருக்கீங்க. அது தோல்வி இல்லம்மா, உங்க பத்து பேர்ல உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான். குர்ஆன்ல இயேசுவோட அம்மா மரியம் பேர்லயே ஒரு அத்தியாயம் இருக்கு, அவன்கிட்டயே கேளுங்க, சந்தோஷமா சொல்லுவான். சிலுவை விஷயத்துல அவங்களும் நாமளும் ஒத்துப்போக மாட்டோம், அதையும் ஒளிக்காம பேசலாம், பேசினா நட்பு ஒண்ணும் உடைஞ்சுடாது. பதில் தெரியலன்னா தெரியல, படிச்சுட்டு வர்றேன்னு சொல்லுங்க.

அடுத்தது "எல்லாருக்கும்"ங்குற வார்த்தை. இங்கதான் எனக்கு உங்க சபைத் தீர்மானம் மேல கொஞ்சம் மனத்தாங்கல். மத்தேயு கடைசி அதிகாரத்துல நம்ம பழைய மொழிபெயர்ப்பு என்ன சொல்லுது, "சகல ஜாதிகளையும் சீஷராக்கி". ஜாதின்னா அங்க தேசத்தார், ஜனங்கன்னு அர்த்தம், அது தெரியும். ஆனா நம்ம ஊர்ல உக்காந்து இதைப் படிக்கிறவன் காதுல ஜாதின்னா ஜாதிதானே விழும், விழட்டும், நல்லாவே விழட்டும். ராஜநாயக்கன்னு ஒருத்தர், பறையர் சமூகம், தஞ்சாவூர் ராஜா பட்டாளத்துல இருந்தவர், தமிழ்ச் சுவிசேஷத்தத் தானே படிச்சு நம்பி வந்து, தஞ்சாவூர்ச் சீமையில அலைஞ்சு ஊழியம் பண்ணினார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமான்னு பேச்சு வந்தப்ப, இவர் கையால மத்த ஜாதிக் கிறிஸ்தவங்க திருவிருந்து வாங்கத் தயங்குவாங்கன்னு தரங்கம்பாடியில அவர விட்டுட்டாங்க. பட்டம் 1741ல வேற ஒருத்தருக்குப் போச்சு. புறஜாதியார்கிட்ட போறதுக்கு ஆள் ரெடி, அவர் கையால அப்பம் வாங்க நம்ம ஜாதியார் ரெடி இல்ல. பழைய கதைன்னு நினைக்காதீங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊர், பேர் வேணாம், ஒரே சர்ச், ஒரே ஐயர் (எங்க பக்கம் பாதிரியார அப்படித்தான் சொல்வோம்), கல்லறைத் தோட்டத்துல மட்டும் நடுவுல சுவர். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைச்சவங்களும் பத்து பேர் கணக்குல வருவாங்களான்னு ஒரு கமிட்டி மீட்டிங்ல கேட்டேன், அதுக்கப்புறம் என்னைக் கமிட்டிக்குக் கூப்பிடுறது இல்ல.

நல்ல பக்கமும் இருக்கு, சொல்லாம விட்டா என் பாட்டி கனவுல வந்து திட்டும். உங்க ஊருக்குப் பக்கத்துலதான், வெள்ளாளன்விளை, 1874ல பொறந்த அசரியா. யாழ்ப்பாணம் போயிருந்தப்ப அங்க இருந்த தமிழ்க் கிறிஸ்தவங்க கடல் தாண்டி நம்ம கரைக்கே ஊழியம் பண்ண ஆள் அனுப்புறதப் பாத்துட்டு வெக்கப்பட்டு வந்த மனுஷன். 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாங்க, நம்ம காசு, நம்ம ஆளு. 1909ல அவரே குடும்பத்தோட தெலுங்குச் சீமைக்கு, தோர்ணக்கல்லுக்குக் கிளம்பிட்டார், தெலுங்கு கத்துக்கிட்டு, மாலா மாதிகாங்குற தலித் ஜனங்க நடுவுல. 1912ல ஆங்கிலிக்கன் சபையில இந்தியர்ல முதல் பிஷப் ஆனார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எடின்பரோவுல பெரிய மிஷனரி மாநாடு, ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க, ஆசியாவுல இருந்து போனவங்க இருபது பேர்கூட இருக்க மாட்டாங்க. அங்க எழுந்து நின்னு வெள்ளைக்கார மிஷனரிங்க முகத்துக்கு நேராச் சொன்னார், எங்க ஏழைங்களுக்கு உங்க சொத்தக் கொடுத்தீங்க, உங்க உடம்பையே சுட்டெரிக்கக் கொடுத்தீங்க, நாங்க அன்பும் கேக்குறோம், எங்களுக்கு சிநேகிதங்களக் கொடுங்கன்னு. உங்க பக்கத்து சீட்டு அக்கா கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான், அவங்களுக்கு அசரியா யாருன்னு தெரியாது, அவ்வளவுதான்.

இதே அசரியா ஞானஸ்நானம் எடுத்தவங்கள அவங்கவங்க தலையில கைய வச்சு, சுவிசேஷம் சொல்லாட்டா எனக்கு ஐயோன்னு பவுல் சொன்னத சொல்ல வைப்பாராம். அதனால நான் சொல்றத ஊழியமே வேணாம், சும்மா ஃப்ரெண்டா இருந்தா போதும்னு எடுத்துக்காதீங்க. வாயத் திறந்து சொல்லணும். அரசியல் சட்டம் 25ஆவது பிரிவும் மதத்தப் பரப்புற உரிமையத் தந்திருக்கு. 1977ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எடுத்துச் சொல்லலாம், அடுத்தவன மதம் மாத்துறது உன் உரிமை இல்லன்னு. நிறைய பாஸ்டருங்களுக்கு அந்தத் தீர்ப்பு மேல வருத்தம். எனக்கு அதுல பெரிய சண்டை இல்ல, மாத்துறது ஆவியானவர் வேலைன்னுதானே நாமளே பிரசங்கம் பண்றோம். ஆபீஸ்ங்குறதால ஒரே ஒரு எச்சரிக்கை, உங்களுக்குக் கீழ வேலை பாக்குறவங்க, இல்ல உங்களுக்கு மாட்டேன்னு சொல்ல முடியாதவங்க, அவங்ககிட்ட பாத்து. செக்யூரிட்டி தாத்தா வாங்கிப் பையில வச்சது விருப்பத்துலயா, மேடம் கொடுத்தா வாங்கித்தான் ஆகணும்னா, யோசிங்க. பீகார் பையனுக்கு இந்தி கைப்பிரதி தேட வேணாம், ஊர் எது, வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேளுங்க, இந்தி உங்களுக்கு அரைகுறைன்னா இன்னும் நல்லது, அவன் சிரிச்சுச் சொல்லித் தருவான்.

கொலுவுக்கு வருவோம். போங்க. அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, எனக்குப் போன் போட்டு ஜெபம் பண்ணிடுவாங்க. சுண்டல் விஷயத்துல நான் முடிவு சொல்ல மாட்டேன், பவுலே ரெண்டு பக்கமும் சொல்லியிருக்கார், முதலாம் கொரிந்தியர் பத்தாம் அதிகாரம் 27ல கூப்பிட்டா போய் வைக்கிறத எதுவும் விசாரிக்காம சாப்பிடுங்குறார், 28ல இது படைச்சதுன்னு ஒருத்தன் சொன்னா சாப்பிடாதங்குறார். கொலுச் சுண்டல் நைவேத்தியம்னு உங்களுக்கே தெரியும், தெரியாத மாதிரி நடிக்க முடியாது. நான் சாப்பிட்டிருக்கேன், என் தம்பி சாப்பிட மாட்டான், ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வளர்ந்தவங்கதான். உங்க மனசாட்சி இடம் தரலன்னா போறதுக்கு முந்தின நாளே லஞ்ச்ல அவங்ககிட்ட சொல்லிடுங்க, அக்கா வர்றேன், படைச்சது மட்டும் நான் சாப்பிடுறது இல்ல, காப்பி குடுங்கன்னு. அவங்க சைவம்தானே? போன கிறிஸ்மஸுக்கு நீங்க கேக் நீட்டினப்ப முட்டை இருக்கான்னு கேட்டுட்டு வேணாம்னு சொல்லியிருப்பாங்களே, நீங்க கோவிச்சுக்கிட்டீங்களா? அவங்களும் மாட்டாங்க. சாப்பாட்டுல ஒரு கட்டுப்பாடுன்னா என்னன்னு உங்க சபையில இருக்குறவங்களவிட அவங்களுக்கு நல்லாப் புரியும்.

எந்தப் படியில எந்த பொம்மை, ஏன் அப்படி வைக்கிறாங்க, அவங்க பாட்டி வச்ச மரப்பாச்சி இருக்கான்னு கேளுங்க. அவங்க உங்க விசுவாசத்தப் பத்தி திருப்பிக் கேப்பாங்க, அன்னைக்கே கேக்கணும்னு இல்ல. கேட்டா மனசுல இருக்குறத உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க, இரட்சணியம் விமோசனம்னு சபை பாஷை வேணாம்.

சரஸ்வதி பூஜை அன்னைக்குப் போனா கூட்டமா இருக்கும், தாம்பூலம் வாங்கிட்டுக் கிளம்பவே நேரம் சரியா இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு அவங்களோடயே கேப்ல போய்டுங்க. மிச்ச கைப்பிரதிக் கட்ட மறக்காம டெஸ்க்லயே வச்சுட்டுப் போங்க.