மற்றவர்களுக்குப் பாட்டெழுதியே பிழைக்க முடியுமா?

பாப் இசையில் மேடையேறாமல், மற்றவர்களுக்குப் பாட்டெழுதியே காலம் தள்ள முடியுமா, பேரெல்லாம் பாடுகிறவருக்குத்தானே போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பேர் போனால் போகட்டும், பாட்டின் உரிமை கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில்.

ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதை எழுதியவர் யார் என்று தேடாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. அப்படித் தேடியபோது அடிக்கடி கண்ணில் பட்ட பேர் டயான் வாரன். 1989-இல் ஷெர் பாடிய 'இஃப் ஐ குட் டர்ன் பேக் டைம்', 1996-இல் டோனி பிராக்ஸ்டனின் 'அன்-பிரேக் மை ஹார்ட்', 1998-இல் ஏரோஸ்மித்தின் 'ஐ டோன்ட் வான்ட் டு மிஸ் எ திங்' மூன்றும் அவர் தனியாக எழுதியவை. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. ரியல்சாங்ஸ் என்று சொந்தமாகவே ஒரு பதிப்பு நிறுவனமும், அதாவது பாட்டுகளின் உரிமையைப் பார்த்துக்கொண்டு வரவை வசூலிக்கும் நிறுவனமும், வைத்திருக்கிறார். பல பாடகர்களை விட நீண்ட காலம் அவர் நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் விதிவிலக்கு. இன்றைக்குப் பெரும்பாலும் கூட்டாகத்தான் எழுதுகிறார்கள். தாளமும் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அடங்கிய பின்னணி டிராக்கை ஒருவர் தயாராக வைத்திருப்பார். அதன் மேல் மெட்டும் சொல்லும் போடுகிற டாப்லைனர் மைக் முன்னால் நின்று, வார்த்தையே இல்லாமல், வாய்க்கு வந்ததைத் தத்தகாரமாகப் பாடிக்கொண்டே போவார். திரும்பத் திரும்பப் பாடும்போது ஏதோ ஓர் இடம் அறையில் இருப்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, அந்த அசைகளுக்குள் சொற்களை உட்கார்த்துவார்கள். சாயங்காலத்துக்குள் டெமோ, அதாவது பாடகர்களிடம் போட்டுக்காட்டும் மாதிரிப் பதிவு, ரெடியாகிவிடும். அந்த உழைப்புக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. யாராவது பாடி வெளியிட்டால்தான் காசு.

வெளியிடுவார்களா என்பதுதான் பெரிய கேள்வி. 'பேபி ஒன் மோர் டைம்' பாட்டை அதை எழுதிய மேக்ஸ் மார்ட்டின் முதலில் டிஎல்சி குழுவுக்குத்தான் கொடுத்தார். அவர்கள் வேண்டாம் என்றதால் 1998-இல் பிரிட்னி ஸ்பியர்ஸுக்கு வந்தது. புகழ் வேண்டாம் என்று ஒதுங்கி மற்றவர்களுக்கு எழுதப்போன பாடகி சியாவின் கதை இன்னும் அருமை. ரிஹானாவின் 'டயமண்ட்ஸ்' அவர் சேர்ந்து எழுதியது. மற்றவர்களுக்காக எழுதி, அவர்கள் எடுத்துக்கொள்ளாத பாட்டுகளைத் தொகுத்து 2016-இல் 'திஸ் இஸ் ஆக்டிங்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ரிஹானாவை மனதில் வைத்து எழுதிய 'சீப் த்ரில்ஸ்' அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற பாடல் தரவரிசைப் பட்டியலில் சியாவுக்கு முதலிடம் வாங்கித்தந்த பாட்டு அது. அதனால் மறுக்கப்பட்ட டெமோ எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, பணம். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால் பாடகருக்கு ராயல்டி கிடையாது, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான். ஆனால் தொகை சின்னது. விற்பனையை எடுத்துக்கொண்டால், அங்கே ஒரு பிரதி விற்றால் எழுதிய தரப்புக்குப் பாட்டுக்கு 9.1 சென்ட் என்ற விகிதம் 2006 முதல் 2022 வரை அப்படியே கிடந்தது. 2023-இல்தான் 12 சென்ட் ஆனது. நான்கு பேர் சமமாக எழுதியிருந்தால் 9.1 சென்ட்டில் ஆளுக்கு இரண்டே கால் சென்ட் சொச்சம்தான், அதிலும் பதிப்பாளரின் பங்கு கழியும்.

இதில், ஒரு வரிகூட எழுதாமல், எழுதியவருக்கான பங்கைக் கேட்கும் பாடகர்களும் உண்டு. அது எனக்கு அநியாயமாகவே படுகிறது. 2021-இல் பாடலாசிரியர்கள் பலர் சேர்ந்து, எழுதாதவருக்கு இனி பங்கு தரமாட்டோம் என்று பகிரங்கக் கடிதமே வெளியிட்டார்கள். கிராமி விருதில் 'ஆண்டின் பாடலாசிரியர்' என்ற தனிப் பிரிவு வந்ததே 2023-இல்தான். முதலில் வாங்கியவர் டோபியாஸ் ஜெஸ்ஸோ ஜூனியர், சொந்த ஆல்பம் ஒன்று போட்டுவிட்டு மற்றவர்களுக்கு எழுதப் போனவர்.

நீங்கள் இறங்குவதென்றால் முதலில் கூட்டாக எழுதிப் பழகுங்கள். அறையை விட்டுக் கிளம்பும் முன் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு அந்தப் பேச்சை எடுப்பது ரொம்பக் கஷ்டம்.