வலன்சோல்ல வீடு வாங்கினா தேன் வித்தே லோன் கட்டலாமா?

கேள்வி: நாங்க பாரிஸ் பக்கத்துல இருக்கோம். தெற்கே வலன்சோல் மேட்டுல ஒரு சின்ன ஊர்ல வீடு பாத்திருக்கோம், விக்கிறவர் தோட்டத்துல இருக்கிற 6 தேனீப்பெட்டியையும் சேத்தே தர்றேங்கறார். சுத்தி லாவண்டர் வயல்தான். தேன் வருமானத்துல மாசத்தவணை கட்டிடலாமா?

பதில்: வீடு புடிச்சிருந்தா வாங்குங்க, ஆனா லோன் கணக்குல தேனை மட்டும் சேக்காதீங்க.

போட்டோல பாக்கிற அந்த ஊதா வயல்ல பெரும்பகுதி லாவண்டின்ங்கிற கலப்பினம். ஜூன் நடுவுல பூக்க ஆரம்பிச்சா ஜூலை முடியறதுக்குள்ள பெரும்பாலும் அறுத்துடுவாங்க, அந்த சில வாரம் தேன் கொட்டும் இல்லேங்கல, ஆனா அது மலட்டுச் செடி, மகரந்தம் இல்லேன்னே சொல்லலாம், மகரந்தம் இல்லேன்னா தேனீக்குஞ்சுப் புழுவுக்கு சாப்பாடு ஏது, ராணி முட்டை வைக்கிறதை கொறைச்சுக்கும், கடைசில பெட்டியோட மேல் அடுக்கு நிறைய தேனும் கீழ வத்திப்போன கூட்டமும்தான் மிஞ்சும். அறுப்பு முடிஞ்சதும் அதே வயல்ல போய் நில்லுங்க, கட்டைத்தண்டும் கல்லும்தான் இருக்கும், ஆகஸ்ட்ல தேனீ பட்டினி. அதனாலதான் இதுலயே பொழைக்கிறவங்க ஒரே இடத்துல உக்காரமாட்டாங்க, வசந்தத்துல ரோஸ்மேரி, அப்புறம் லாவண்டர், அப்புறம் மலைன்னு பெட்டிய லாரில ஏத்தி சுத்துவாங்க, அதுவும் ராத்திரில, அப்பதான் எல்லா தேனீயும் வீடு திரும்பியிருக்கும். முழுநேரத் தேனீ விவசாயின்னு அரசாங்கக் கணக்குல சேர 200 பெட்டி வேணும். உங்க 6 எங்க, அது எங்க!

அந்த 6-ஐயும் பாக்காம வாங்காதீங்க. ஏப்ரல்ல போய் பெட்டியோட பின்பக்கத்தை ஒரு கையால லேசா தூக்குங்க, பொசுக்குன்னு மேல வந்தா உள்ள சாப்பாடு இல்ல. உள்ள அடை கட்டியிருக்கிற மரச்சட்டத்தை எடுத்துப் பாத்தா அடை கரி மாதிரி கறுப்பா இருக்கா, புழு இருக்கிற அறைங்க நடுநடுவுல காலியா விட்டு சிதறி இருக்கா, அப்ப பேரம் பேசக்கூட வேணாம்.

ரூல்ஸ் பெருசா ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு பெட்டி இருந்தாக்கூட வருஷா வருஷம் செப்டம்பர் 1-லேர்ந்து டிசம்பர் 31-க்குள்ள ஆன்லைன்ல பதியணும். சந்தைல விக்க சிரெட் நம்பர் (தொழில் பதிவு எண்) வேணும். லேபிள்ல 'ப்ரொவான்ஸ் தேன்'னு நீங்களா போட்டுக்க முடியாது, அது சான்றிதழ் வாங்கினவங்களுக்கு மட்டும்தான்.

என்னைக் கேட்டா 2 பெட்டி வெச்சுக்கிட்டு மிச்சத்தை கழிச்சுடுங்க. தோட்டம் பெருசா, ஊரைத் தள்ளி இருந்தா, சுத்திவர்ற தேனீக்காரர் யாருக்காவது ஜூன், ஜூலைக்கு இடம் குடுங்க, வாடகைக்கு பதிலா சில பாட்டில் தேன் குடுப்பாங்க, அதோட அவர் கூடவே நின்னு வேலையும் கத்துக்கலாம் (பணத்தை விட எனக்கு இதுதான் பெருசு).

உங்க பெட்டில தேன் எடுக்கிறப்போ அவசரப்படாதீங்க. சட்டத்தை படுக்கையா புடிச்சு ஒரு உதறு உதறுங்க, துளி தெறிச்சா இன்னும் ஈரம் இருக்கு, திரும்ப உள்ள வெச்சுடுங்க. ஈரம் 20 சதவீதம் தாண்டினா விக்கவே கூடாது, நான் 18-க்கு கீழ வந்தாதான் கை வைப்பேன். எடுத்த கையோட தேனீமேல ஒட்டிக்கிட்டு கூட்டத்தை அழிக்கிற வர்ரோவா உண்ணிக்கு மருந்து வெச்சுடுங்க, செப்டம்பர் வரைக்கும் தள்ளினா குளிர்காலத்துக்கு கூட்டம் மிஞ்சாது.