எந்த அலமாரிக்கு முதலில் போவது?

அன்புள்ள அக்கா,

ஓஹையோவில், கொலம்பஸில் இருக்கிறேன். கணவரின் வேலைக்காக வந்து இரண்டு வருடம் ஆகிறது. பழைய பொருள் விற்கும் த்ரிஃப்ட் ஸ்டோரில் ஐந்து டாலருக்கு வாங்கி ஆன்லைனில் ஐம்பதுக்கு விற்பதை நிறைய பேர் வீடியோவில் காட்டுகிறார்களே, நானும் நான்கு மாதமாகச் செய்து பார்க்கிறேன். கடைக்குள் போனால் வெளியே வர மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. வாங்கியது 31, விற்றது 9. மீதி எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நல்ல பொருளை வேகமாகக் கண்டுபிடிப்பது எப்படி? இன்னொன்று, இல்லாதவர்களுக்காக வைத்திருக்கும் கடையில் வாங்கி லாபத்துக்கு விற்பது பாவம் என்கிறார் என் அம்மா. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

ச.

அன்புள்ள ச.,

முதலில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு மனசு கேட்காது. நீங்கள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் விசாவில் இருந்து, கையில் வேலை அனுமதி அட்டை இல்லையென்றால், வாங்கி விற்பதை இத்தோடு நிறுத்தி வையுங்கள். வீட்டில் பயன்படுத்திய சொந்தப் பொருளை விற்பது வேறு, விற்பதற்கென்றே வாங்குவது வேறு. இரண்டாவது சுயதொழில், அதுவும் வேலைக் கணக்கில்தான் வரும். எச்-4இல் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015இலிருந்து அந்த அட்டை கிடைக்கிறது, எல்லோருக்கும் இல்லை. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு அப்புறம் மேலே படியுங்கள்.

சரி, மூன்று மணி நேரத்துக்கு வருவோம். நீங்கள் கடை முழுவதையும் பார்க்கிறீர்கள், அதுதான் காரணம். துணி, செருப்பு, புத்தகம், பீங்கான், பொம்மை என்று ஒவ்வொன்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் போனில் விலை தேடினால் மூன்று மணி நேரம்கூடப் போதாது. நான் பிட்ஸ்பர்க்கில் ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன், ஒரு கடையில் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. எனக்கு ஒரே அலமாரி. பாத்திரப் பகுதியில், கனமான சாமான்களை வைக்கும் கீழ்த்தட்டு. வார்ப்பிரும்பு.

ஏன் இரும்பு என்று கேட்டால், அது என் கைக்கு முன்பே தெரியும். எங்கள் வீட்டில் தோசைக்கல்லைப் பழக்குவது பாட்டியின் வேலை. கல்லின் முகத்தைத் தடவிப் பார்த்தே இது தோசை எடுக்கும், இது ஒட்டும் என்று சொல்லிவிடுவார். முதல்முறை ஒரு பழைய அமெரிக்க இரும்புச் சட்டியைத் தூக்கியபோது, அடியில் துருவும் மேலே யாரோ வறுத்த கொழுப்பும் அப்பிக் கிடந்தாலும், உள்முகம் வழவழவென்று இருந்தது. இப்போது கடையில் புதிதாக விற்கும் சட்டிகள் பலவற்றின் உள்முகம் சொரசொரப்பாக இருக்கும். பழையதை அச்சில் வார்த்த பிறகு இழைத்து மழுக்கியிருப்பார்கள், சுவரையும் மெல்லியதாக வார்த்திருப்பார்கள், அதனால் எடையும் குறைவு. அளவுக்கு எதிர்பார்த்த கனம் இல்லாமல், உள்ளே வழவழப்பாக இருந்தால், திருப்பி அடியைப் பாருங்கள். இரட்டை வட்டத்துக்குள் ஒரு சிலுவை, அதில் கிரிஸ்வோல்ட் என்று தயாரித்தவர் பெயர், கீழே ஈரி என்று ஊர்ப்பெயர் இருந்தால் விடாதீர்கள். எங்கள் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் அந்த ஊர்த் தொழிற்சாலை 1957இல் மூடப்பட்டது. உங்கள் ஓஹையோவிலேயே சிட்னி என்ற ஊரில் வாக்னர் என்ற பெயரில் சட்டிகள் செய்தார்கள், உங்கள் பக்கம் அதுதான் அதிகம் கிடைக்கும். அடியில் விளிம்பை ஒட்டி ஒரு வளையம் இருந்தால் அது விறகடுப்பின் துளையில் உட்காருவதற்காக வார்த்தது. கைப்பிடியில் இருக்கும் 8, 10 போன்ற எண்களும் அடுப்புத் துளையின் அளவைச் சொல்பவை, அங்குலம் என்று நினைத்து விளம்பரத்தில் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் மூன்று சோதனை, மொத்தமே ஒரு நிமிடம்தான். சமதளமான தட்டில் வைத்து விளிம்பை மாறி மாறி அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம். கைப்பிடியில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள், மணி மாதிரி ஒலிக்க வேண்டும், பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். போன் வெளிச்சத்தில் விளிம்பைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். ஆடும் சட்டி ஒன்றை, பெயர் நன்றாக இருக்கிறதே என்ற ஆசையில் வாங்கி ஒருமுறை விற்றேன். தட்டையான கண்ணாடி அடுப்பில் அது நிற்கவே இல்லை என்று வாங்கிய அம்மா திருப்பி அனுப்பினார். இரண்டு பக்கத் தபால் செலவும் என்னுடையது, அவருக்கு ஏமாற்றம் வேறு. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சியால் தேய்த்துப் பாருங்கள். மீன்பிடி குண்டுக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் ஈயம் உருக்க இந்தச் சட்டிகளைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் யாருக்கும் விற்காதீர்கள்.

உங்களுக்கு இரும்புதான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கை எதை முன்பே அறியும் என்று யோசியுங்கள். பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் தொட்டவுடன் வித்தியாசம் தெரியுமா? தையல் தெரியுமா? அப்படியானால் துணிப் பகுதியில் கம்பளிச் சட்டைகள் தொங்கும் வரிசை மட்டும். தொங்கும் துணிகளின் மேல் கையை ஓட்டிக்கொண்டே நடங்கள், கை நின்ற இடத்தில் மட்டும் லேபிளைப் பாருங்கள். மற்ற வரிசைகளில் நல்ல பொருள் இருக்கத்தான் செய்யும், அது இன்னொருவருக்கு என்று விட்டுவிடுங்கள்.

விலை பார்க்கும்போது ஒன்றே ஒன்று. ஈபேயில் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்க்காமல், விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். 1958இல் வந்த கார்னிங்வேர் என்ற பிராண்டின் நீலப்பூப் பாத்திரத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்டு வைத்திருப்பார்கள், உண்மையில் பெரும்பாலும் சில பத்து டாலருக்குத்தான் போகும். என் கணக்கைச் சொல்கிறேன். 8 டாலருக்கு வாங்கிய சட்டி 60க்குப் போனது, வாங்கியவர் தபாலுக்கென்று தந்த 18 அப்படியே தபாலுக்குப் போய்விட்டது. ஈபே கட்டணம் தபால் தொகைக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள், அதில் ஏறக்குறைய 10 போனது. பெட்டிக்கும் சுற்றும் தாளுக்கும் 2. மிச்சம் 40. அதைத் துரு நீக்கி, எண்ணெய் தடவி, ஓவன் அடுப்பில் வைத்துப் பழக்க ஒரு ஞாயிறு மதியம் ஆனது. இதே ஒரு ரவிக்கையை 6க்கு வாங்கி, துணி விற்கும் போஷ்மார்க் தளத்தில் 18க்கு விற்றால் அவர்கள் 20 சதவீதம் எடுத்தது போக 8 டாலர் சொச்சம்தான். போட்டோ எடுக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அம்மாவின் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடைகளில் பெரிய பெயரான குட்வில்லை 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் தொடங்கினார். வசதியானவர்களிடம் பழைய துணியும் சாமானும் சேகரித்து, அதைச் சீர்செய்யும் வேலையை ஏழைகளுக்குக் கொடுத்து, விற்ற பணத்தில் கூலி தந்தார். யார் வாங்கினாலும் அந்தப் பணம் வேலைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு, 1999இலிருந்து அவர்களே ஆன்லைனில் ஏலமும் விடுகிறார்கள். விற்காத துணி எடைக்குப் போகிறது, மிஞ்சியது பொதியாகக் கட்டி கப்பலேறுகிறது. அப்படிப் போகும் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கும் ஆலைகள் நம் பானிபட்டில் இருக்கின்றன. எனவே துருப்பிடித்த சட்டியை எடுப்பதில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை. ஆனால் குழந்தைகளின் குளிர்காலக் கோட்டையும் பனிக்காலணியையும் நான் தொடுவதே இல்லை. கொலம்பஸ் குளிரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் ஒரு தாய் அளவு பார்த்துக்கொண்டு நிற்பாள், அவளுக்கு அது 7 டாலருக்குக் கிடைக்க வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் 22 பொருளையும் வெளியே எடுத்துப் பரப்பி, அதே மாதிரிப் பொருள் ஒவ்வொன்றும் ஈபேயில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று பார்த்து எழுதுங்கள். பத்து டாலருக்குக் கீழே போனவற்றைப் பையில் போட்டு அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் நிற்பவை என்னென்ன என்று பாருங்கள், உங்கள் அலமாரி எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.