ஏரிக்கரையில் ஒரு கூடம்

வாசகர் கேள்வி – பதில்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரே விஷயத்தைப் பற்றி ஐந்து பேர் தனித்தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஊரே சேர்ந்து யோசிக்கும் காரியம் என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தில் 32 பேர் இருக்கிறோம். ஊரை ஒட்டிய ஏரியில் பிள்ளைகளுக்கு நீச்சல், பரிசல், கயாக் பயிற்சி கொடுக்க ஒரு நீர் விளையாட்டு மையம் கட்ட விரும்புகிறோம். கரையிலேயே ஒரு கூடம், படகு வைக்க ஓர் அறை, மாடியில் தங்குவதற்கு இரண்டு அறைகள் என்று வரைந்து காட்டியதில் 18 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார் மேஸ்திரி. தைப்பொங்கல் அன்று அடிக்கல் நாட்டி, அன்றே வசூலைத் தொடங்கிவிடலாமா?
— மன்றச் செயலாளர்

பதில்: பொங்கலன்று அடிக்கல்லும் வேண்டாம், வசூலும் வேண்டாம் தம்பி. உங்கள் எண்ணத்தில் குறை கண்டு இதைச் சொல்லவில்லை. கொடைக்கானல் ஏரியை மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863 இல் உருவாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து மிதக்கவிட்டார். 1890 இல் படகுக் குழாம் ஏற்பட்டது. பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டதோ 1932 இல்தான். இத்தனை காலம் படகு ஓடிய மலையில், சுற்றுலா வந்தவர்களின் படகுக்குக் கயிறு பிடிக்கவும் அழுக்குத் தண்ணீரை இறைத்து ஊற்றவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்; அதே தண்ணீரில் தவறி விழுந்தால் மிதக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே உங்கள் மையம் வந்தே தீர வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். அது பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஊர் நிலங்களின் கணக்கான 'அ' பதிவேட்டில் ஏரியின் சர்வே எண்ணையும் நீங்கள் கட்ட நினைக்கும் இடத்தின் சர்வே எண்ணையும் பார்த்துவிட்டு, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். கரை பெரும்பாலும் நீர்நிலைப் புறம்போக்காகத்தான் இருக்கும்; அங்கே எவ்வளவு நல்ல நோக்கத்துக்காகக் கட்டினாலும் அது ஆக்கிரமிப்புதான். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007 இல் இயற்றப்பட்ட சட்டம் இளைஞர் மன்றத்துக்கு என்று தனியாகச் சலுகை எதையும் தரவில்லை. அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களைப் பொறுத்தவரை, வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்று 2017 ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் சொல்கின்றன. உங்கள் ஏரி அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், அந்த 50 மீட்டரை நீங்களாகவே விட்டுவிட்டு, கரைக்குச் சற்று மேலே பட்டா நிலத்தில் இடம் தேடுங்கள். கரையில் கழற்றி எடுத்து வைக்கக்கூடிய ஒரு மிதக்கும் படகுத்துறை இருந்தால் போதும். மாடியைக் கைவிட்டுவிடுங்கள். தங்கும் அறை வந்தால் அது விடுதியாகும். விடுதியானால் உங்கள் பிள்ளைகள் மறுபடியும் கயிறு பிடிக்கப் போய்விடுவார்கள்.

தண்ணீர் யாருடையது என்பது அடுத்த கேள்வி. மன்னவனூர் ஏரியில் வனத்துறையே பரிசல் விடுகிறது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜத்திலோ படகை நினைத்தும் பார்க்க முடியாது. உங்கள் ஏரி ஊராட்சியின் பொறுப்பிலா, நீர்வளத் துறையின் பொறுப்பிலா, வனத்துறையின் எல்லைக்குள்ளா என்பதைப் பொறுத்து விண்ணப்பம் போகும் இடம் மாறும். ஹாகா என்று அழைக்கப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால் அங்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். கிராம சபைத் தீர்மானம், நிலத்தின் ஆவணம், துறையின் எழுத்துமூல அனுமதி ஆகிய மூன்றும் கைக்கு வரும்வரை யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இளைஞனாக இருந்தபோது கீழ்மலையில் ஓர் ஊரில் படிப்பகம் கட்ட நாங்கள் வீடு வீடாக வசூல் செய்தோம். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்த பிறகுதான் அந்த இடம் சாலைப் புறம்போக்கு என்பது தெரிந்து வேலை நின்றது. ஜன்னலுக்கு விட்ட இடைவெளியில் ஆடுகள் ஏறிப் படுத்திருந்ததைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டே அந்த வழியாகப் போனோம். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த ஒரு பாட்டியின் பெயருக்கு நேரே 'படிப்பகத்துக்கு, ரூ. 5' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் யாரும் பணம் எடுக்கவில்லை.

அனுமதி கிடைத்த பிறகும் கட்டடத்துக்காக முதலில் கை நீட்ட வேண்டாம். முதல் வசூல் ஆட்களுக்கும் கருவிகளுக்குமாக இருக்கட்டும். மன்றத்திலிருந்து ஓர் ஆண், ஒரு பெண் என இருவரை நீச்சலும் உயிர்காப்பும் முறையாகக் கற்றுவர அனுப்புங்கள். மதுரையில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் இருப்பதால் விசாரிப்பதை அங்கிருந்து தொடங்கலாம். அவர்கள் திரும்பி வந்ததும், பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட்டுகள், எறிகயிறுகள், இரண்டு பரிசல்கள் ஆகியவற்றுடன், கரையில் ஒரு தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் ஒரு கோடை முழுவதும் பயிற்சி நடக்கட்டும். தன் பேத்தி பரிசலைச் சுற்றவிடாமல் நேராகத் துடுப்புப் போட்டு அக்கரை சேர்வதை ஒரு தாத்தா கண்ணால் பார்த்துவிட்டால், கூடத்துக்கான வசூலுக்கு நீங்கள் அவரிடம் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

கட்டட நேரத்தில் 'நமக்கு நாமே' திட்டத்தை நினைவில் வையுங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் திட்டம் அது. 18 லட்சத்துக்கு நீங்கள் திரட்ட வேண்டியது 6 லட்சம். மாடி போனால் இன்னும் குறையும். அப்படிக் கட்டப்படுவது மன்றத்தின் சொத்தாக இராது, ஊராட்சியின் பொதுச் சொத்தாகிவிடும். அதற்கேற்ப இடமும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதால், பட்டாதாரர் யாராவது நிலத்தை ஊராட்சிக்கு எழுதிக்கொடுக்க முன்வருவாரா என்று முன்னதாகவே பேசிவையுங்கள். சொத்து பொதுவாவதில் மன்றத்தில் சிலருக்கு மனக்குறை வரலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பத்து வருடத்தில் மன்றம் கலைந்தாலும் கூடம் ஊரோடு நிற்கும்.

கேள்வி: எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் ஊரில் மார்கழியில் பூண்டுக் கொல்லையெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கலாமா? நான் பணம் தருவேன், பிள்ளைகளை அனுப்பப் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய்

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா, இந்தக் கடிதங்களில் மிகவும் அவசியமான கேள்வியும் உங்களுடையதுதான். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தன்னால் இழுத்துக்கொள்ளும். அந்த முதல் மூச்சில் தலை தண்ணீருக்குள் இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட மூழ்கிவிடலாம். உறையும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீருக்கென்று பயிற்சியாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம், உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். உங்கள் ஏரி அவ்வளவு குளிராது என்றாலும் பாடம் ஒன்றுதான். விழுந்தவுடன் நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து மூச்சைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் இதைக் கற்று முடிக்கும்வரை துடுப்பை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. மார்கழியிலும் தையிலும் தண்ணீரில் இறங்கும் பயிற்சியே வேண்டாம். கயிறு எறிவது, முடிச்சுப் போடுவது, முதலுதவி ஆகியவற்றைக் கரையிலேயே கற்பிக்கலாம்.

லைஃப் ஜாக்கெட்டை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு படகுத்துறையில் எனக்குத் தந்த ஜாக்கெட்டில் கொக்கி உடைந்துபோய், அந்த இடத்தை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த நுரைப்பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. மிதவைத் திறனை நியூட்டன் என்ற அளவில் ஜாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். 50 என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவர்களுக்கானது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு, முகத்தை மேலே திருப்பி மிதக்கவைக்கும்படி வடிவமைத்த 100 நியூட்டன் வகை வேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தொடைகளுக்கு இடையே வரும் வாரும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிள்ளை கீழே நழுவ, ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும்.

இன்னொன்றையும் மன்றத்தாரிடம் நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டும். கூடத்தில் முதலில் கட்டப்பட வேண்டியவை, தாழ்ப்பாள் சரியாக விழுகிற, பெண் பிள்ளைகளுக்கென்று தனியான உடை மாற்றும் அறையும், கழிப்பறையும், ஈரத்தோடு வருகிறவர்கள் குளிர் காய ஓர் இடமும்தான். படகைச் சாக்குப் போட்டு மூடி வெளியிலேயே வைத்துவிடலாம். நனைந்த சுடிதாரோடு பதின்மூன்று வயதுப் பெண்ணை ஊர் நடுவே நடந்து வீட்டுக்குப் போகச் சொல்ல முடியாது. இந்த அறை இல்லாத மையத்தில் இரண்டாம் மாதம் பையன்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

கேள்வி: கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதுபோல், இதற்கும் வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று ஊர்க்கூட்டத்தில் விதித்துவிட்டால் என்ன? எங்கள் ஊரில் 240 தலைக்கட்டு.
— ஊர்ப் பெரியவர் ஒருவர்

பதில்: கணக்குப்படி 4,80,000 ரூபாய் வந்துவிடும் ஐயா. ஆனால் திருவிழா வரி தலைமுறை தலைமுறையாக எல்லோரும் ஒப்புக்கொண்ட கடமை. இதையும் அப்படி விதித்தால், கொடுக்க முடியாத வீடு ஊர்க்கூட்டத்தில் தலை குனிந்து நிற்கும். அந்த வீட்டுப் பிள்ளை ஏரிப் பக்கமே வராது. அந்தப் பிள்ளைக்காகவும்தானே இந்த மையம்? விருப்பம்போல் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். பணமாக முடியாதவர்களின் ஒரு நாள் உழைப்பையும், ஒரு வண்டி மணலையும், ஒரு மூட்டை பூண்டையும் அதே ரசீதுப் புத்தகத்தில் அதே மரியாதையோடு எழுதுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அறுவடையில் வீட்டுக்கு இரண்டு கட்டு வந்தாலும், திருவிழா முடிவில் எலுமிச்சையை ஏலம் விடுவதுபோல் பொதுவில் ஏலம் விட்டுப் பாருங்கள். வசதி உள்ளவர்கள் மனமுவந்து விலையை ஏற்றுவார்கள்.

கேள்வி: வசூலுக்காகக் குலுக்கல் சீட்டு அச்சடித்து, முதல் பரிசாக இருசக்கர வாகனம் தரலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கனடாவில் குடியுரிமை பெற்ற என் சித்தப்பா 3 லட்சம் அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
— மன்ற உறுப்பினர்

பதில்: இரண்டுக்குமே பதில் 'கூடாது' என்பதுதான். தமிழ்நாட்டில் 2003 இல் லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டது. காசு வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டத்துக்குப் பரிசு தருவதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அந்தச் சிக்கலில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

சித்தப்பா வேறு நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டதால், அவர் தருவது சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுப் பங்களிப்பு. அதைப் பெற மன்றம் உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; புதிதாகத் தொடங்கிய அமைப்புக்கு அந்தப் பதிவு எளிதில் கிடைக்காது. அவருடைய பணத்தை இங்குள்ள உறவினர் கணக்கில் போட்டு, அந்த உறவினர் பெயரில் ரசீது எழுதும் யோசனைக்கும் இடம் கொடுக்காதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. சித்தப்பா ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கட்டும்.

கேள்வி: மன்றத்தின் பொருளாளராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கணக்கில் நான் என்னென்ன கவனிக்க வேண்டும்?
— பொருளாளர்

பதில்: முதலில் மன்றத்தைச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இன்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள், 7 பேர் இருந்தால் போதும், நீங்கள் 32 பேர் இருக்கிறீர்கள். பிறகு சங்கத்தின் பெயரில் பான் எண்ணும், இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கும் தொடங்குங்கள். உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணில் ஒரு நாள்கூடப் பணம் வாங்க வேண்டாம். நன்கொடையாளர்களுக்கு வருமான வரிச் சலுகை வேண்டுமானால் 80ஜி என்று சொல்லப்படும் பதிவைத் தனியாகப் பெற வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதை வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ரசீதுப் புத்தகங்களுக்குத் தொடர் எண் இட்டு, எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் கையெழுத்தோடு எழுதிவைத்து, எழுதாத புத்தகத்தையும் திரும்ப வாங்கிவிடுங்கள். அடிக்கட்டையில் தொகையோடு நோக்கத்தையும் எழுதுங்கள்: கருவிக்கு, கட்டடத்துக்கு, ஆண்டுச் செலவுக்கு. மூன்றாவதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பயிற்சியாளர் ஊதியம், காப்பீடு, பழுதான ஜாக்கெட்டுகளை மாற்றுவது ஆகியவற்றுக்கு இரண்டு வருடச் செலவு வங்கியில் இல்லாமல் கூடத்தைத் திறக்காதீர்கள். அனுமதி தவறிப்போனால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று ரசீதிலேயே அச்சிடுங்கள். அப்படித் திருப்பித் தர நேர்ந்தால் ஐந்து ரூபாய் கொடுத்தவரிடமிருந்து தொடங்குங்கள்.

மாதம் ஒருமுறை வரவு செலவைப் பெரிய தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். மழையில் நனைந்து கிழிந்தால் மறுநாளே மறுபடியும் ஒட்டுங்கள்.