ஸ்லாட் கார் கிளப் ஆரம்பிக்கிறோம், போட்டி நாளுக்கு என்னென்ன விதிகள் வைக்கலாம்?

கோவையில் எட்டுப் பேர் சேர்ந்து நாலு லேன் பலகை ட்ராக் போட்டிருப்பதாகவும், போட்டி நாளை எந்த வரிசையில் நடத்துவது, சண்டை வராமல் இருக்க என்ன விதி எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மார்ஷல், அதாவது விழுந்த காரை எடுத்து வைப்பவர், அவரைப் பற்றிய விதியை முதலில் எழுதுங்கள். மோட்டார், டயர், எடை எல்லாம் அதற்கு அப்புறம். காரைப் பற்றிய விதியில் ஓட்டை இருந்தால் ஒருவர் கொஞ்சம் வேகமாக ஓடுவார், அவ்வளவுதான். மார்ஷல் விதியில் ஓட்டை இருந்தால் ஆட்கள் வருவதையே நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு அது நடந்தது.

எனக்கு அவினாசியில் மோட்டார் ரீவைண்டிங் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூரில் நண்பரின் பனியன் கம்பெனி மாடியில் ஓட்டுகிறோம். முன்பு செக்கிங் செக்‌ஷன் இருந்த நீள ஹால். எங்கள் ட்ராக்கும் நாலு லேன்தான், ஒரு சுற்று எழுபது அடி.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. நாங்கள் ஓட்டுவது 1:32 அளவுப் பொம்மைக் கார்கள், அதாவது நாலரை மீட்டர் கார் 14 சென்டிமீட்டராகிவிடும். பலகையில் ஒவ்வொரு லேனுக்கும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், அதுதான் ஸ்லாட். காரின் மூக்குக்கு அடியில் உள்ள கைடு அந்தப் பள்ளத்தில் இறங்கி ஓடும். பள்ளத்தின் இரு பக்கமும் செம்புப் பட்டை, அதில் 12 வோல்ட் டிசி. கையில் உள்ள கன்ட்ரோலரின் விசையை அமுக்கினால் வேகம், விட்டால் பிரேக். ஸ்டியரிங் கிடையாது. வளைவில் வேகம் மிஞ்சினால் வால் வீசி, கைடு பள்ளத்தைவிட்டு வெளியே வந்து, கார் அங்கேயே கிடக்கும். இன்னொருவர் எடுத்துப் பள்ளத்தில் வைத்தால்தான் மறுபடி ஓடும். அந்த இன்னொருவர்தான் மார்ஷல். இங்கிலாந்தில் 1957-ல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் செட் வந்த காலத்திலிருந்து இன்றுவரை சாதாரண அனலாக் ட்ராக்கில் இதுதான் கதை: நம் ஓட்டத்தின் ஒரு பகுதி அடுத்தவர் கையில் இருக்கிறது.

எங்கள் மூன்றாவது போட்டி. கார் விழுந்து சிக்கலானால் "ட்ராக்!" என்று கத்தலாம், கத்தினால் கரண்டை நிறுத்த வேண்டும் என்று ஒரே வரியில் விதி எழுதியிருந்தோம். எழுதியது நான்தான். யார் கத்தலாம், எதற்குக் கத்தலாம் என்று எழுதவில்லை. கடைசி ஹீட்டில், அதாவது நேரம் குறித்து ஓட்டும் ஆட்டங்களில் கடைசியில், ஒரு தம்பி முன்னணியில் இருந்தான். மூன்றாவது வளைவில் அவன் கார் விழுந்தது. அங்கே நின்ற மார்ஷல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் பதறிப்போய் "ட்ராக்" என்றான், கரண்டு நின்றது, காரை எடுத்து வைத்தார்கள், ஒரு நொடி நஷ்டம் இல்லாமல் அவனே ஜெயித்தான். இரண்டாவதாக வந்தவர் வயதில் மூத்தவர். "ஏனுங்க, நானும் ரெண்டு தடவ வுழுந்தனுங்களே, நான் கத்துனனா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தம்பி மார்ஷலைக் கை காட்டினான். மார்ஷல், "நான் என்ன கூலிக்கா இங்க நிக்கறேன்?" என்று கிளம்பிவிட்டார். தம்பி இரண்டு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. மூன்று பேரும் நல்லவர்கள். விதி சரியாக இருந்திருந்தால் மூன்று பேரும் அன்றைக்கு ஒன்றாகச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

இப்போது எங்கள் விதி இப்படி. மெயின் ஸ்விட்ச் போட்டி நடத்துபவரிடம் மட்டும். யார் வேண்டுமானாலும் "ட்ராக்" என்று லேன் நிறத்தோடு சொல்லலாம், நிறுத்துவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. நிறுத்த மூன்றே காரணங்கள்: கார் அடுத்தவர் பள்ளத்தில் ஏறி ஓடுவது, மார்ஷலுக்கு எட்டாத இடத்திலோ தரையிலோ விழுவது, கழன்ற பாடியோ டயரோ மற்றவர் பாதையை அடைத்துக் கிடப்பது. வெறுமனே கவிழ்ந்தால் கரண்டு நிற்காது, போன நேரம் போனதுதான். காரணமில்லாமல் கத்தினால் ஒரு சுற்று வெட்டு. கரண்டு நிற்கும்போது கடிகாரமும் கூடவே நிற்கும்படி வயரிங் செய்துகொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாக நிறுத்தினால் அதிலேயே இரண்டு மூன்று நொடி தகராறு வரும்.

மார்ஷலுக்கு வருகிறேன். எட்டுப் பேர், நாலு லேன் என்பது அருமையான எண்ணிக்கை. நாலு பேர் ஓட்டும்போது மற்ற நாலு பேர் நாலு வளைவில் நிற்கலாம். ஓட்டியவர் கண்டிப்பாக நிற்க வேண்டும், நிற்காமல் போனால் அவர் கணக்கில் ஐந்து சுற்று குறையும். அவசரம் என்றால் தனக்குப் பதில் ஆளை நிறுத்திவிட்டுப் போகலாம். போன் மேசைப் பெட்டியில். டீ டம்ளரும் கையில் கூடாது, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

எடுத்து வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைப் புதியவர்களுக்குக் கரண்டு இல்லாத ட்ராக்கில் பத்து நிமிடம் பழக்குங்கள். முதலில் காரின் கூரையில் ஒட்டிய லேன் நிற ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும். பிறகு வரும் கார்களைப் பார்த்து, அவை போனதும்தான் கையை நீட்ட வேண்டும். ஓடும் கார் முன்னால் கையை வைத்துத் தப்பு செய்யாதவனையும் கவிழ்ப்பதைவிடப் பெரிய குற்றம் இதில் இல்லை. காரின் பின்பக்கத்தைப் பிடித்து, கைடை விரலால் நேராக்கி, மூக்கைப் பள்ளத்தில் இறக்கி, பின்சக்கரம் பலகையில் உட்கார்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஓட்டுபவர் விசையை விட்டிருக்க வேண்டும், அமுக்கியபடியே இருந்தால் கார் கையிலிருந்தே பாய்ந்துவிடும். இரண்டு மூன்று கார்கள் சேர்ந்து விழுந்தால் அடிபட்ட காரை முதலில் வைத்து, இடித்த காரைக் கடைசியில் வைக்க வேண்டும். இந்த ஒரு வரியே எங்கள் ஹாலில் பாதிச் சத்தத்தைக் குறைத்தது.

அடுத்த விதியை நான் பிடிவாதமாக நின்று சேர்த்தேன். மார்ஷலைத் திட்டினால் முதல் தடவை ஒரு சுற்று, இரண்டாவது தடவை அந்த ஹீட்டே போய்விடும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ரேஸ் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரியும், வளைவுகளில் கொடியோடு கொளுத்தும் வெயிலில் மார்ஷல்கள் நிற்பார்கள். அவர்கள் இல்லாமல் ஒரு வண்டி நகராது. நம் பலகைக்கும் அதே மரியாதை வேண்டும்.

லேன் மாற்றத்துக்கு 1, 3, 4, 2 என்ற வரிசையை வையுங்கள். முதல் லேனில் ஓட்டியவர் மூன்றுக்கும், மூன்றில் இருந்தவர் நாலுக்கும், நாலில் இருந்தவர் இரண்டுக்கும், இரண்டில் இருந்தவர் ஒன்றுக்கும் போவார்கள். ஓரத்து லேனும் நடு லேனும் ஒரே மாதிரி ஓடாது. ஒரு வளைவில் உள்பக்கம் இருக்கும் லேன் இன்னொரு வளைவில் வெளிப்பக்கம் வரும், வளைவின் இறுக்கம் மாறும். அதனால் எல்லோரும் எல்லா லேனிலும் ஒரே அளவு நேரம் ஓட்டியாக வேண்டும். நாங்கள் ஹீட்டுக்கு மூன்று நிமிடம், ஆக ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம். நேரம் முடிந்ததும் கரண்டு நிற்கும், கார் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மார்ஷல் அதே இடத்தில் அடுத்த லேனுக்கு மாற்றி வைத்து ஸ்டிக்கரையும் மாற்றுவார். இதற்கு இரண்டு நிமிட இடைவெளி, அதற்குள் ஓட்டுநர்களும் இடம் மாறி கன்ட்ரோலரை மாட்டிக்கொள்ள வேண்டும். இடைவெளியில் ஓட்டுநர் காரைத் தொட அனுமதி இல்லை. ரிப்பேர் என்றால் கரண்டு வந்த பிறகு, அவரவர் நேரத்தில்.

கரண்டு விஷயத்தில் நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள், இது என் தொழில். நாலு லேனுக்கும் ஒரே பவர் சப்ளை வைக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடும்போது நம் கிணற்று மோட்டார் திணறுவதும், அது நின்றதும் இது துள்ளுவதும் நம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். இங்கேயும் அதேதான். ஒரு கார் விழுந்ததும் அதன் லோடு போய்விடும், மற்ற லேன்களில் வோல்டேஜ் ஏறும், வளைவுக்கு நடுவில் இருக்கும் கார் தானாகப் பறந்துவிடும். ஓட்டியவர் மேல் பிழையே இல்லை. லேனுக்கு ஒரு 12 வோல்ட் சப்ளை, லேனுக்கு ஒரு ஃபியூஸ் என்று வைத்துவிடுங்கள்.

கன்ட்ரோலர் அவரவர் கொண்டுவரலாம். மூன்று வயரில் வெள்ளை சப்ளைக்கு, கறுப்பு காருக்கு, சிவப்பு பிரேக்குக்கு என்பது பரவலான வழக்கம். விசையை விட்டதும் பிரேக் வயர் மோட்டாரின் இரு முனையையும் ஒன்றாக்கிவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் டைனமோவாகி, தன் கரண்டாலேயே தன்னை இழுத்துப் பிடித்து நிற்கும். வெள்ளையையும் கறுப்பையும் மாற்றிச் சொருகினால் நேராக ஷார்ட். அதனால் டெர்மினல்களுக்கு மேலே மூன்று நிறத்திலும் பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள்.

கார் விதியில் மோட்டார்தான் முக்கியம். 130 அளவு மோட்டார்களை கிளப்பே மொத்தமாக வாங்கி, மூடியில் ஒரு துளி பெயின்ட்டால் சீல் வைத்து, காலையில் குலுக்கல் போட்டுக் கொடுங்கள். மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இதை எங்கள் கிளப்பில் கேட்டு வாங்கியது நான்தான். ஆர்மேச்சரில் சுற்றைக் குறைத்துக் கொஞ்சம் தடித்த கம்பியாகச் சுற்றினால் ஆர்பிஎம் ஏறும், கரண்டும் கூடுதலாக இழுக்கும். என் கடையில் அரைநாள் வேலை. அதைச் செய்யக்கூடியவன் ஒருவன் கூட்டத்தில் இருக்கும்போது மற்றவர்கள் மனதில் சந்தேகமே இல்லாமல் ஓட்ட வேண்டும் என்றால் சீல் ஒன்றுதான் வழி. கோவையில் மோட்டார் தெரிந்தவர் இல்லாத தெருவே கிடையாது, உங்களுக்கும் இது தேவைப்படும்.

காந்தத்தைக் கழற்றச் சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் ட்ராக்கில் இரும்புத் தண்டவாளம் இருப்பதால் காரடிக் காந்தம் பிடித்து இழுக்கும். பலகை ட்ராக்கில் செம்புதான், காந்தத்துக்கு அங்கே வேலை இல்லை, வெறும் எடை. டயருக்கு எண்ணெய், பசை எதுவும் கூடாது. லேன் மாறும்போது ஒருவர் பூசியது அடுத்தவர் டயரில் ஏறும். பின்பக்க உயரத்துக்கு 1 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் தகடு, தடையில்லாமல் நுழைய வேண்டும். டயர் தேய்ந்து அடிப்பாகம் செம்பைத் தொட்டால் ஷார்ட் ஆகும், ட்ராக்கும் கீறும். ஆய்வு முடிந்த கார்கள் மேசையில் வரிசையாக நிற்கும், அவரவர் லேனுக்குக் கூப்பிடும்வரை யாரும் தொடக் கூடாது.

நாள் வரிசை சுருக்கமாக: ஒன்பதரைக்குக் கூடி ட்ராக் துடைப்பது, பத்து மணியிலிருந்து ஒவ்வொரு லேனிலும் ஐந்து நிமிடப் பயிற்சி, பிறகு கார் ஆய்வு, பிறகு ஆளுக்கு ஒரு நிமிடத் தகுதிச் சுற்று. அதில் மெதுவான நாலு பேர் முதலில் ஓட்டுவார்கள், வேகமான நாலு பேர் மார்ஷல். பிறகு மாறிக்கொள்வார்கள். ஒரு மணிக்குள் முடிந்துவிடும். ஒன்பது பேர் வந்துவிட்டால் ஒன்பதாமவரை சுற்று எண்ணும் மேசையில் உட்கார வையுங்கள், சுழற்சியில் அவருக்கும் முறை வரும்.

துடைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் அதற்கு நாங்கள் அரை மணி நேரம் கொடுக்கிறோம். திருப்பூர்க் காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். ஒரு தடவை நல்ல கார் ஒன்று விட்டு விட்டு இழுத்தது. திருப்பிப் பார்த்தால் கைடுக்கு இரு பக்கமும் உள்ள செம்புப் பின்னலில், நாங்கள் பிரெய்டு என்போம், ரோஸ் நிறப் பஞ்சு மெல்லிய திரி மாதிரி சுற்றியிருந்தது. அந்த வாரம் கீழே ரோஸ் கலர் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்ததும் பின் ஆக்ஸில் வரை ஒரே இழையாக வந்தது. வேக்கம் போட்டு, ஈரமில்லாத துணியால் பலகையைத் துடைத்து, செம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கோவையில் பஞ்சு குறைவாக இருந்தாலும் ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் புழுதி உங்களுக்கு உண்டு. அந்த மாதங்களில் மேற்கு ஜன்னலை மூடியே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சுற்றை பத்துப் பகுதியாகப் பிரித்து, ட்ராக் ஓரத்தில் ஒன்று முதல் பத்து வரை எண் ஒட்டுங்கள். போன மாதம் எங்களில் இரண்டு பேர் 118 சுற்றில் சமமாக முடித்தார்கள். ஒரு கார் ஏழாம் எண்ணில் நின்றது, இன்னொன்று நாலில். நடத்துபவர் குனிந்து பார்த்து, "118, ஏழு, 118, நாலு" என்று உரக்கப் படித்தார். ஏழில் நின்றது அந்தத் தம்பியின் கார். நாலில் நின்ற காருக்குச் சொந்தக்காரர் அன்றைக்கு "நான் கத்துனனா?" என்று கேட்ட அதே அண்ணன். "செரிங் தம்பி, மூணாவது வளைவுக்கு வா, மார்ஷலா நிக்கோணும்" என்று கூட்டிக்கொண்டு போனார்.